வில் வேட்டை: ஒரு நாட்டில் பெருமை, இன்னொரு நாட்டில் குற்றம். ஏன்? (எங்கள் பயிற்சிக் களத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு திடலில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கிறேன். சம்பா வைக்கோலை இறுக்கிக் கட்டிய பலகை, அதன்மேல் வண்ண வட்டம் போட்ட தாள், முப்பது மீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. எங்கள் களம் அவ்வளவுதான்.

போன தீபாவளியை ஒட்டி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். கையில் வில், காலடியில் ஒரு மான். "மானைக் கொன்னுட்டு பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறானே" என்று என் அம்மா அன்று சாப்பிடவே இல்லை. "அங்க அது சட்டப்படி சரிதாம்மா" என்று தம்பி அவனுக்காகப் பேசினான். செய்தி களத்துக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் மாற்றி மாற்றிக் கேட்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாஸ்டர், வேட்டைக்காரர்கள் வைத்திருப்பதும் நாம் விடுவதும் ஒரே வில்லா?

வில்லில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களில் மிகப் பலர் கையில் இருப்பது காம்பவுண்ட் வில். இரண்டு நுனியிலும் சக்கரம் இருக்கும். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நாணை முழுக்க இழுத்த பிறகு கையில் தங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் மரத்தின் மேல் கட்டிய பரணில் நின்றுகொண்டு, இழுத்த நாணோடு கொஞ்ச நேரம் காத்திருக்க முடியும்.

வித்தியாசம் அம்பின் முனையில் இருக்கிறது. நம் அம்பு முனை உருண்டு கூராக இருக்கும், வைக்கோலில் குத்தி நிற்கும், பிடுங்கினால் வந்துவிடும். வேட்டை அம்பின் முனையில் சவரத் தகடு போல இரண்டோ மூன்றோ அலகுகள். நம் களத்துக்குள் அந்த முனைக்கு இடமில்லை. ஒரு பையன் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் அப்பாவை வரச்சொல்லி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

அம்பு பட்டால் மிருகம் உடனே செத்துவிடுமா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் பாதி நாடுகளின் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துப்பாக்கிக் குண்டு வேகத்தால் உடம்பைச் சிதைக்கும். அம்பு அப்படிச் செய்யாது. அலகு உள்ளே போய் ரத்தக் குழாய்களை அறுக்கும். ரத்தம் வடிந்துதான் உயிர் போக வேண்டும். இரண்டு நுரையீரலிலும் சரியாகப் பாய்ந்தால் மான் ஐம்பது, நூறு மீட்டர் ஓடிச் சில நொடிகளில் விழும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் கதை வேறு. மணிக்கணக்கில் அலையும், எங்கேயாவது புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் பழகிய வேட்டைக்காரர்கள் இருபது முப்பது கெஜத்துக்குள் வராத மானை விட்டுவிடுவார்கள். விட்ட அம்பு வினாடிக்குச் சுமார் 300 அடி போகும். நாண் அதிரும் ஒலி 1,100 அடி போகும். ஒலி முந்திவிடும். மான் குனிந்து துள்ளினால் நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் படும்.

அமெரிக்காவில் மேரிலாந்தில் உள்ள ஒரு கடற்படைத் தளத்தில், தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த வில் வேட்டைக்காரர்களைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். அம்பு பட்டும் கண்டெடுக்க முடியாமல் போன மான்கள் சுமார் 18 சதவீதம். தேர்ந்த கைகளுக்கே அந்தக் கணக்கு. பழைய ஆய்வுகள் சிலவற்றில் இதைவிட மிகவும் அதிகம். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்துத்தான் ஒரு நாடு "வேண்டவே வேண்டாம்" என்கிறது, இன்னொரு நாடு "தேர்வு எழுதிவிட்டு வா" என்கிறது.

எனக்கு இது எண்ணாகத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். பதினோரு வயதிருக்கும். தாளடி நடவு முடிந்த சமயம். மூங்கில் சிம்பில் வில், உடைந்த குடையின் கம்பியைக் கல்லில் தேய்த்து அம்பு. வாய்க்கால் கரையில் ஒரு மடையான் நின்றது. மடையான் நிற்கும்போது சேற்று நிறத்தில்தான் இருக்கும், ஆள் பக்கத்தில் போனால்கூடத் தெரியாது. எழும்பினால்தான் அந்த வெள்ளை இறக்கை விரியும். நான் விட்ட கம்பி பட்டு அது எழும்பியது. வெள்ளை இறக்கையின் அடியில் வெற்றிலைக் கறை போல ஒரு சிவப்பு. தாழப் பறந்து நாலு வயல் தள்ளி இறங்கியது. இருட்டும் வரைக்கும் நாற்றுக்குள் தேடினேன். மறுநாள் காலையிலும் தேடினேன். கிடைக்கவில்லை. நாற்று மிதிபட்டுக் கிடந்ததற்கு அப்பா திட்டினார். ஏன் மிதிபட்டது என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அது செத்ததா பிழைத்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அமெரிக்காவில் இதை எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்?

ஒப்புக்கொள்வது மட்டுமா, அங்கே 50 மாநிலங்களிலும் வில் வேட்டை சட்டப்படி நடக்கிறது. நான் என் அக்கா மகனிடம் முதலில் கோபமாகத்தான் பேசினேன். "மாமா, நான் சொல்றதைக் கேட்டுட்டுத் திட்டுங்க" என்றான். கேட்டேன். அதன் பிறகு நானாகத் தேடிப் படித்தும் கொண்டேன்.

முதலில் மான் கணக்கு. ஐரோப்பியர் குடியேறிக் காட்டை அழித்து, கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெண்வால் மான்கள் சுமார் ஐந்து லட்சம்கூட மிஞ்சவில்லை. அப்புறம் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இன்று சுமார் 3 கோடி. மானைத் தின்ன வேண்டிய ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லை. மான் தோட்டத்தைத் தின்கிறது, காட்டில் முளைக்கும் கன்றுகளைத் தின்றுவிடுகிறது, சாலையில் காரோடு மோதுகிறது. வீடுகள் நெருங்கிய புறநகரில் துப்பாக்கி வெடிக்க முடியாது. அங்கே நகராட்சிகளே வில்காரர்களைக் கூப்பிடுகின்றன.

அடுத்தது பணம். 1937இல் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா மீது வசூலிக்கும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. 1970களில் வில்லையும் அம்பையும் அதில் சேர்த்தார்கள், 11 சதவீதம். வேட்டைக்காரர்கள் கொடுக்கும் பணத்தில் காடு காக்கப்படுகிறது என்று அவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதற்கு இது காரணம். காட்டு விலங்கு எந்த நிலத்துக்காரனுக்கும் சொந்தமில்லை, மக்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து, மாநிலம் அதற்குக் காவல் என்பது அங்கே உள்ள கொள்கை.

என் அக்கா மகன் செய்ததையும் சொல்ல வேண்டும். 1973 முதல் பிறந்தவர்கள் விஸ்கான்சினில் வேட்டைப் பாடம் படித்துத் தேறினால்தான் உரிமம் கிடைக்கும், படித்தான். அடித்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், செய்தான். கறியை விற்கக்கூடாது, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மீதியைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டான்.

இந்த மோகம் அங்கே தொடங்கிய கதை வேறு மாதிரி. 1911இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே, யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் பசியோடு வந்து நின்றார். அவர் இனத்தார் எல்லாரும் கொல்லப்பட்டோ நோயிலோ போய்விட்டார்கள். அவரை இஷி என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் மனிதன் என்று பொருள். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் இஷியோடு பழகி, வில் செய்யவும் ஓசையில்லாமல் நடக்கவும் மானை அழைக்கவும் கற்றுக்கொண்டார். 1916இல் காசநோயில் இஷி இறந்துவிட்டார். போப் அந்த வித்தையைப் பரப்பினார். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று முதல் மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. அமெரிக்காவின் இன்றைய வில் வேட்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இஷிதான் முன்னால் வந்து நிற்பார். சோற்றுக்கு வில் எடுத்த ஒருவர், தன் இனமே இல்லாமல் போன பிறகு, அதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வில்லுக்குப் பேர்போன இங்கிலாந்தில் எப்படி?

முழுத் தடை. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு 1363இல், விடுமுறை நாளில் ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும் என்று ஆணை போட்டான். 1415இல் அஜின்கோர்ட் போரில் பிரெஞ்சுப் படையை நெட்டை வில்லால் சாய்த்தார்கள். அந்த நாட்டில்தான் இன்று வில்லாலோ குறுக்குவில்லாலோ ஒரு காட்டு விலங்கைக் கொன்றால் குற்றம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. துப்பாக்கியால் மான் சுடுவதற்கு அங்கே தடையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்வதை அவர்கள் தடுக்கவில்லை. காயத்தோடு அலையவிடுவதைத்தான் தடுக்கிறார்கள்.

ஜெர்மனியிலும் மான், காட்டுப்பன்றி போன்றவற்றின்மீது அம்பு விடக்கூடாது என்று வேட்டைச் சட்டத்திலேயே இருக்கிறது. விலங்கு நலனை 2002இல் அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்த நாடு அது. நார்வேயிலும் அனுமதி இல்லை.

என் மனசுக்கு நெருக்கமான உதாரணம் ஜப்பான். வில்லை ஒரு தவம் போலப் பழகுகிறவர்கள். நின்ற நிலை, மூச்சு, நாண் விடும் விரல் என்று ஆண்டுக்கணக்கில் பழகுவார்கள். அங்கேயும் வில் அம்பால் வேட்டையாடுவது தடை. பூட்டானில் வில்வித்தைதான் தேசிய விளையாட்டு. சுமார் 145 மீட்டருக்கு அப்பால் ஒரு சின்னப் பலகை, பட்டால் கூட்டமே ஆடும், பாடும். பௌத்த நாடு, உயிர்க்கொலையைப் பாவமாகப் பார்க்கிறவர்கள். வில்லை இவ்வளவு நேசித்தும் உயிர்மேல் விடாமல் இருக்க முடியும் என்பதற்கு இந்த இரண்டு நாடுகளையும்தான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

அப்படியானால் ஐரோப்பா முழுக்கத் தடையா?

இல்லை. பிரான்சு 1995இல் அனுமதித்தது. வேட்டை உரிமம் போதாது, வில்லுக்கென்று தனியாகப் பயிற்சி முடித்த சான்றும் வேண்டும். டென்மார்க் 1999இல் சிறிய ரோ மானுக்கு அனுமதித்தது, குறி பார்க்கும் தேர்வு வைத்து. ஸ்பெயின், ஹங்கேரியிலும் உண்டு. பக்கத்துப் பக்கத்து நாடுகள்தான். ஜெர்மனியில் மானின்மேல் அம்பு விட்டால் குற்றம், எல்லையைத் தாண்டி டென்மார்க்குக்குப் போனால் உரிமம். இரண்டு நாட்டுக்காரர்களும் மிருகம் துன்பப்படக்கூடாது என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் ஆயுதத்தை நம்பவில்லை, மற்றவர் பயிற்சியை நம்புகிறார்.

ஆப்பிரிக்காவில் சிங்கத்தை அம்பால் அடித்துப் பெரிய பிரச்சினை ஆனதே, அது என்ன?

2015 ஜூலை. ஜிம்பாப்வேயில் ஹுவாங்கே தேசியப் பூங்காவில் செசில் என்று ஒரு ஆண் சிங்கம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டை கட்டிக் கண்காணித்து வந்த சிங்கம். பணம் கட்டி வேட்டைக்கு வந்த ஒரு அமெரிக்கர், பூங்கா எல்லைக்கு வெளியே இரவில் அதன்மேல் அம்பு விட்டார். சிங்கம் சாகவில்லை. பல மணி நேரம் காயத்தோடு கிடந்த பிறகுதான் தேடிப் போய்க் கொன்றார்கள். உலகமே கொதித்தது. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் சில, வேட்டையாடிய சிங்கம், யானை முதலானவற்றின் தலையையும் தோலையும் ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன.

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வேலி போட்ட தனியார் பண்ணைகளில் இப்படிப் பணம் கட்டி வில் வேட்டையாடுவது ஒரு தொழில். அந்தப் பணத்தால் நிலம் காடாகவே நிற்கிறது, இல்லையென்றால் மாட்டுப்பண்ணை ஆகியிருக்கும் என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனாலும் சுவரில் மாட்டுவதற்காக ஒரு உயிரை எடுப்பதை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது. என் அக்கா மகனிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் "தலையை என்னடா பண்ணின?" என்பதுதான்.

வில்லை நம்பியே வாழ்கிற மக்களும் இருக்கிறார்களே? அவர்களும் தப்பு செய்கிறார்களா?

இதைக் கேட்டவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். நல்ல கேள்வி.

தான்சானியாவில் எயாசி ஏரிக்கரையில் ஹட்ஸா மக்களில் பலர் இன்றைக்கும் வில்லால் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்கிறார்கள். கலகாரிப் பகுதியின் சான் மக்கள் ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை அம்பில் தடவி, அடிபட்ட மிருகத்தின் காலடியை மைல்கணக்கில் பின்தொடர்வார்கள். அடித்ததை விட்டுவிட்டு வருவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவர்கள் வேட்டையால் எந்த மிருகமும் அழியவில்லை. துப்பாக்கியும் வேலியும் வந்த பிறகுதான் அழிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கையில் வேடர்கள். தம்பானைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வேட்டையாடிய காடு 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா ஆயிற்று. தாத்தா வில்லோடு நடந்த தடத்தில் பேரன் நடந்தால் அத்துமீறல். காட்டைக் காக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் காட்டை அழிக்காதவனிடம் முதலில் வில்லைப் பிடுங்கியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் நாட்டுச் சட்டம் ஓரிடத்தில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்குள்ள வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று வனவிலங்குச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. மற்றபடி, ஜார்க்கண்டில் தல்மா மலையில் நடக்கும் செந்திரா வேட்டை, ஒடிசாவின் சிமிலிபால் காட்டு வேட்டை என்று ஆண்டுக்கொரு முறை வில்லோடு காட்டுக்குப் போகும் பழங்குடிச் சடங்குகளுக்கும் வனத்துறைக்கும் ஒவ்வொரு வருஷமும் இழுபறிதான். சடங்கு நடக்கட்டும், உயிர் போக வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இந்தியாவில் மற்றவர்களுக்கு?

தடை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை போட்டு இழுப்பது, கூட்டையோ முட்டையையோ கலைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். அட்டவணையில் உள்ள விலங்குக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை. நம் கோடியக்கரை வெளிமான் முதல் அட்டவணை. மயிலும் அப்படியே.

நான் அன்று மடையானுக்குச் செய்ததும் இந்தச் சட்டப்படி குற்றம்தான். இன்றைக்கும் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் சாலையோரம் கொக்கையும் மடையானையும் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்கள். வில்லால் பிடித்தது இல்லை, கண்ணியும் வலையும்தான். வெளிநாட்டு வில்லைப் பற்றி இவ்வளவு கேட்கிறவர்கள், வண்டியை நிறுத்தி அதை வாங்குகிறவர்களையும் கேட்க வேண்டும்.

பன்றி வயலை உழுதுவிட்டுப் போகிறது, மயில் நெல்லைத் தின்கிறது. அம்பு விட்டால் என்ன?

கேட்டவர் மூன்று ஏக்கர் குத்தகைக்கு வைத்திருப்பவர். அவர் வலி நியாயமானது. ஆனாலும் பதில் கூடாது என்பதுதான். மயிலைத் தொடவே முடியாது. காட்டுப்பன்றிக்கு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தது. அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். இழப்பீடு கைக்கு வர நாளாகும், அலைய வேண்டியிருக்கும். அதை விரைவுபடுத்தக் கேட்பதற்கு நானும் உங்களோடு வருவேன். இருட்டில் நம் பிள்ளைகளின் வில்லோடு வயலில் நிற்பதற்கு வர மாட்டேன்.

நம்ம எலிக்கிட்டியும் வில்தானே மாஸ்டர்?

இதைக் கேட்டவன் கிட்டி வைக்கிறவர் வீட்டுப் பையன். ஆமாம், வில்தான். தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிற பொறி அது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூங்கில் சிம்பை வளைத்து நாண் கட்டியிருப்பார்கள். இரையை எலி இழுத்ததும் தடை நழுவும், மூங்கில் சட்டென்று நிமிரும், நாண் கழுத்தை நெருக்கும். பொழுது சாயும்போது வரப்பெல்லாம் வைத்துவிட்டு, விடிவதற்குள் வந்து எடுத்து, எத்தனை எலி என்று எண்ணிக் கூலி வாங்குவார்கள். குருணை மருந்து வைத்தால் எலியோடு ஆந்தையும் கீரியும் சாகும். கிட்டியில் விழுவது எலி மட்டும்.

நாலு மாதம் பாடுபட்ட கதிரை வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும் எலியைப் பிடிப்பதை நான் வேட்டை என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு தேவை இருக்கிறது, பிடிப்பது யார் என்று ஊருக்குத் தெரியும், விடிந்ததும் எண்ணி எடுக்கிறார்கள், அடிபட்டுக் காணாமல் போவது அபூர்வம். அந்தப் பையனிடம் அவன் அப்பா செய்கிற வேலையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். அவன் கட்டும் நாண் முடிச்சு எங்கள் களத்தில் வேறு யாருக்கும் வராது.

சாமியே வில்லெடுத்து வேட்டைக்குப் போகிறதே?

போகிறது. சிவன் கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையில் கண்ணப்பர் வில்லோடு நிற்கிறார். பொங்கல் முடிந்து பாரிவேட்டைக்குப் பெருமாள் புறப்படுகிறார். விஜயதசமியன்று சாமி வன்னிமரத்தின் மேல் அம்பு போடுகிறது. அந்த வில் யாரையும் கொல்வதில்லை. அம்பைக் குருக்களோ பட்டரோ எய்வார்கள், சிறுவர்கள் ஓடிப் பொறுக்குவார்கள். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகச் சங்கப் பாட்டு உண்டு. அது காடு நிறைந்திருந்த காலத்துப் புகழ். அன்றைக்கு அவன் பெருமையைப் பாடியதும் சரி, இன்றைக்கு அதையே செய்தால் பிடித்துப் போடுவதும் சரி.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வேட்டைக்குப் போனால் கண்டிக்கலாமா?

நான் அக்கா மகனைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். எத்தனை அடி தூரத்தில் விட்டாய், எவ்வளவு தூரம் ஓடி விழுந்தது, கறி என்ன ஆயிற்று. இருபத்தைந்து கெஜம் என்றான். எண்பது கெஜம் ஓடியது, அரை மணி நேரம் காத்திருந்து ரத்தத் தடத்தில் போய் எடுத்தேன் என்றான். கடைசியில், நான் கேட்காமலே, "மாமா, போன வருஷம் ஒண்ணு கிடைக்கல" என்றான். அதைக் குழுவில் போடவில்லை. என் மடையான் கதையை நான் முதன்முதலில் சொன்னது அவனிடம்தான். இந்த வருஷம் அவன் உரிமம் எடுக்கவில்லை. எடுக்காதே என்று நான் சொல்லவில்லை.

என் அம்மாவிடம் அவன் போனில் பேசிவிட்டான். "படத்தையாவது எடுத்துடுடா" என்றார்கள், எடுத்துவிட்டான்.

உயிரைக் கொல்லாமல் அந்தத் திறமையைக் கற்க முடியுமா?

தாராளமாக. காட்டுப் பாதையில் நடந்து, தூரம் தெரியாத இடத்தில் நுரையால் செய்து வைத்த மான், கரடி உருவங்கள்மேல் அம்பு விடும் போட்டி இருக்கிறது. 2003 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. வேட்டைக்குத் தடை உள்ள பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதை ஆயிரக்கணக்கானோர் ஆடுகிறார்கள். இன்னொரு வழியை நம் லிம்பா ராம் காட்டினார். ராஜஸ்தானில் உதய்பூர்ப் பக்கத்துப் பழங்குடிச் சிறுவன், மூங்கில் வில்லால் காட்டில் பறவை அடித்துத் திரிந்தவர். 1987இல் விளையாட்டு ஆணையம் அவரைக் கண்டெடுத்தது. மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்லும் சேர்கிறது. பிள்ளைகளின் கண் அங்கே இருக்கட்டும்.

எங்களிடம் நுரை மான் வாங்கப் பணம் இல்லை. அதற்குப் பதிலாக மார்கழி, தை மாதங்களில் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பிள்ளைகளை வடுவூருக்குக் கூட்டிப் போகிறேன். முதலில் கோயிலில் கோதண்டராமரைப் பார்ப்போம். கையில் வில் பிடித்து நிற்கும் அந்த நிலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஏரிக்கரை. வில்லை யாரும் கொண்டுவருவதில்லை. கரையோரக் கருவேலத்தில் நத்தைக்குத்தி நாரைகள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொருவராக ஒரு நாரையைக் காட்டி, எத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டும். மூச்சை அடக்கிப் பார்ப்பார்கள், விரலை நீட்டி அளப்பார்கள். போன முறை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் "அறுபத்திரண்டு" என்றாள். பறவை பார்க்க வந்தவர் ஒருவரிடம் தூரம் அளக்கும் கருவி இருந்தது, வாங்கிப் பார்த்தேன். அறுபத்து நான்கு. நாரை அசையவே இல்லை, அலகை இறக்கைக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பயணத்துக்கு வர விரும்புகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். காலை ஐந்தரைக்குத் திடலிலிருந்து வேன். குடிக்கத் தண்ணீர், தொப்பி, சேற்றுக்கு ஏற்ற செருப்பு போதும்.